முள் குத்திய உலகப் படம்

அவரிடம் யார் எந்தத் துக்கத்தைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த எடம்?"

என் மாமியார் காலமான அன்று லீவு கேட்டு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். "மாமியார் தவறிட்டாங்கய்யா" என்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எந்த எடம்?" என்றார். ஆலங்காயம் என்றேன். "மலை ஓரமா, ஊருக்குள்ளியா?" என்றார். வயதாகிப் படுக்கையில் கிடந்து போன கிழவிக்கு மலை ஓரமானால் என்ன, ஊருக்குள்ளே ஆனால் என்ன? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கிண்டல் செய்யவில்லை. இடம் தெரியாத வரைக்கும் எந்தத் துக்கமும் அவர் மனசில் உட்காராது. மலை ஓரம்தான் என்று நான் சொன்ன பிறகு, "அடடா, நல்ல மனுஷியா இருந்திருப்பாங்க, போய்ட்டு வாப்பா" என்று கண்கலங்கி அனுப்பிவைத்தார்.

பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் அது. ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அவர் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர், நான் கிடங்கு குமாஸ்தா. அவருக்கும் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் முதலாளி முதல் சுண்ணாம்புக் குழியில் இறங்கும் ஆள் வரை எல்லாருக்கும் அவர் ரைட்டர் ஐயாதான். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு உலகப் படம் தொங்கியது. மதராஸ் கப்பல் ஏஜெண்டு ஒருவர் கொடுத்தது. கப்பல் போகும் வழிகளைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார்கள். ஓரம் கிழிகிறது என்று, விலை போகாமல் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்து அதன்மேல் படத்தைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தார். அதனால் அந்த உலகத்துக்கு எப்போதும் தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டை வாடை அடிக்கும். அந்தப் படத்தில் அவர் கருவேல முள் குத்துவார். எங்கே பஞ்சம், எங்கே பூமி அதிர்ச்சி, எங்கே புயல், எங்கே மாட்டு நோய் என்று பேப்பரில் வந்தாலும், தந்தியில் வந்தாலும், அன்றைக்கே அங்கே ஒரு முள் ஏறிவிடும். முள்ளைப் பொறுக்கி வர ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். காலையில் வேலைக்கு வரும்போது வேலியில் அவரே ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். உட்காரும்போது குத்தும். முனகிக்கொண்டே எடுத்து வெளியே வைப்பார்.

தோல்ஷாப்பில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. ஒரு சீமையில் மழை பொய்த்தால் தீவனம் இல்லாமல் மாடு சாகும். மாடு செத்தால் தோல் மலிந்துபோகும். வெள்ளம் வந்தாலும் அப்படித்தான். துறைமுகம் இருக்கிற ஊரில் பூமி அதிர்ந்தால் சரக்கு கட்டிக்கொள்ளும், லண்டனில் விலை ஏறும். எந்த நாட்டில் என்ன சேதம் என்று முதலில் தெரிந்துகொள்கிறவன் முதலில் வாங்குவான், முதலில் விற்பான். ஊரில் மற்ற ஷாப்புக்காரர்கள் மதராஸிலிருந்து விலை தெரிந்த பிறகுதான் அசைவார்கள். எங்கள் ஷாப் அதற்குள் வேலையை முடித்திருக்கும். எல்லாம் அந்த முள் செய்த வேலை.

முதலாளி காலைத் தொழுகை முடிந்து நேரே ரைட்டர் அறைக்குத்தான் வருவார். "ரைட்டர், புதுசா ஒண்ணு குத்திக்கீறியே, இன்னா அது?"

"ஜப்பான் பக்கம் பூமி அதிர்ச்சிங்க. கடலோரமா ஊரே சாஞ்சிடுச்சாம்."

"யா அல்லா" என்று முதலாளி கண்ணை மூடி உதடு அசைப்பார். வேஷம் இல்லை, மனசாரத்தான். கண்ணைத் திறந்ததும், "ரேட்டு ஜாஸ்தியாவுமா, கம்மியாவுமா?" என்பார். அதுவும் மனசாரத்தான். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம்.

முள்ளை எடுப்பதற்கும் ரைட்டர் ஐயாவிடம் ஒரு கணக்கு இருந்தது. விலை பழைய நிலைக்குத் திரும்பிய அன்று முள்ளைப் பிடுங்கிவிடுவார். அந்தச் சீமை அன்றோடு சுகமாகிவிட்டது என்று அர்த்தம். "சீனாக்காரனுக்கு இன்னியோட செரியா போச்சி" என்று ஒருமுறை அவர் முள்ளைப் பிடுங்கியதை நானே பார்த்தேன். அங்கே ஆற்று வெள்ளத்தில் போனவர்கள் திரும்பி வந்துவிட்டது மாதிரி அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார்.

அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள், எஸ்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வீட்டோடு இருந்தாள். அக்கரையில், ஆற்றை ஒட்டிய தெருவில் வீடு. மத்தியானம் ஆற்று மணலில் குறுக்கே நடந்து தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவருவாள். பாலாறு எங்களுக்கு ஆறு இல்லை, மணல் ரோடு. அதில் குழி தோண்டித் தோலை ஊறவைப்போம், பட்டையைக் காயவைப்போம், சந்தைக்கு ஆட்டை ஓட்டிப்போவோம். வருஷத்தில் சில நாள் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தால் அதுவே ஊருக்கு வேடிக்கை.

அப்பா சாப்பிடுகிற வரை எஸ்தர் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புது முள் இருந்தால் கிட்டே போவாள்.

"இது இன்னாப்பா?"

"அது ஜாவா. எரிமலை பொங்கிடிச்சி."

"யாருப்பா அங்க?"

"அங்க யாருன்னா? ஜனங்கதான்."

"ஜனங்கன்னா யாரு?"

ரைட்டர் ஐயா சிரிப்பார். "தந்தியில வார்த்தைக்கு வார்த்தை காசும்மா. பேரெல்லாம் போட்டுகினு இருந்தா எவன் குடுப்பான்?"

அவள் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிப் போய்விடுவாள். ஆனால் மறுபடி ஒரு முள் ஏறினால் மறுபடி அதையே கேட்பாள். அவள் கேட்பதும் இவர் சிரிப்பதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அவருடைய கடைசிக் காலத்தில் எங்கள் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. அவர்கள் பார்த்தது வேறு ஆள். யார் எந்தச் சேதி சொன்னாலும், "யாரு?" என்று கேட்பார். இடத்தைக் கேட்கவே மாட்டார். பேப்பரில் எந்த நாட்டுப் புயலாவது வந்தால் அந்தப் பத்தியைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகத் தேடுவார். "பேர் ஒண்ணு கூட போடலியே" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவார். முள் மட்டும் தவறாமல் ஏறும். ஆனால் குத்திய முள்ளை அவர் பிறகு பிடுங்கியதே இல்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் முள் அங்கேயே நின்றது. வருஷம் போகப்போகப் படத்தில் கை வைக்க இடமில்லாமல் போயிற்று. எது புது முள் எது பழைய முள் என்று தெரியாமல் முதலாளி அந்தப் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். வெளியூர், வெளிநாட்டுத் தரகர்களுக்குச் சரக்கு விஷயமாகக் கடிதம் எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். உங்கள் பக்கத்தில் நேர்ந்த சேதத்தில் தவறிப்போனவர்களின் பெயர்களில் ஒன்றிரண்டாவது தெரிந்தால் எழுதவும் என்று இருக்கும் அந்த வரி. பல பேர் பதிலே போடவில்லை. ஒரு தரகர், எந்தக் கப்பலின் பெயர் வேண்டும் என்று கேட்டு எழுதினார். இன்னொருவர், அந்த ரகத் தோல் எங்களிடம் இல்லை என்று எழுதினார். ஷாப்பில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. வங்காளத்துக் கடலோரத்திலிருந்து ஒரே ஒரு தரகரின் குமாஸ்தா மட்டும் ஒரு தோணிக்காரனின் பெயரை எழுதி அனுப்பினான். அன்றைக்கு ரைட்டர் ஐயா அந்தப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வங்காளத்து முள்ளில் செருகிவைத்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தவர் முகம் மாதிரி இருந்தது.

முதலாளி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னிடம் கேட்டார். "அந்தாளுக்கு பைத்தியம் கியித்தியம் புட்ச்சிக்கிச்சா? பேஜாரா கீதுப்பா."

"இல்லீங்க" என்றேன். காரணம் முதலாளிக்கும் தெரியாததில்லை. அவரும் அன்றைக்கு ஷாப்பில்தான் இருந்தார்.

அவர் அப்படி மாறிப்போன அந்த நாள், ஐப்பசி முடிகிற சமயம். எங்கள் ஊரில் மழை இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆற்றில் மணல் சுட்டது. பெண்கள் பட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேற்கே மைசூர்ச் சீமையில் இருந்த எங்கள் தோல் ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்தது. பெரிய ஏரி உடைந்துவிட்டது, மாடுகள் ஏராளமாகச் சேதம், வாங்கலாமா, உடனே பதில் வேண்டும். அவ்வளவுதான் சேதி.

ரைட்டர் ஐயா தந்தியை வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். அந்த ஊர் படத்தில் இல்லை. உலகப் படத்தில் அவ்வளவு சின்ன ஊரை யார் போடுவார்கள்? பெங்களூரிலிருந்து விரலால் அளந்து, இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், கண்ணாடியை ஏற்றி இறக்கி, நெடுநேரம் தேடினார். எங்களுக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "இங்கதான் இருக்கணும்" என்று கடைசியில் ஒரு முள்ளைக் குத்தினார். பிறகு உட்கார்ந்து விலை போட்டார். முதலாளி எட்டிப் பார்த்து, "மத்தவன் மூச்சு விடறதுக்குள்ள அடிச்சிடு" என்றார். கிடைக்கிறதை எல்லாம் வாங்கிப்போடு என்று ஏஜெண்டுக்குப் பதில் தந்தி போயிற்று.

எஸ்தர் சாப்பாட்டோடு வந்தபோது அவர் இன்னும் விலையில்தான் மூழ்கியிருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"இன்னாப்பா புது முள்ளு, இவ்ளோ கிட்ட?"

"மேல ஒரு ஏரி ஒடஞ்சிக்கிச்சி. மாடு நெறைய போச்சாம்."

"மனுஷங்க?"

"தந்தியில அதெல்லாம் இல்ல."

"யாருன்னு கேளுப்பா" என்றாள்.

"கேக்கலாம், கேக்கலாம். இன்னிக்கு வேல ஜாஸ்தி. நான் அப்பறம் சாப்ட்டுக்கறேன், நீ ஊட்டுக்குப் போ."

அவள் போனாள். ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். மணலில் செருப்பு புதையப் புதைய நடந்துபோனாள்.

மேலே உடைந்த ஏரித் தண்ணீர் எங்கே போகும்? பாலாற்றில்தான் இறங்கும். பாலாறு எங்கே வரும்? எங்கள் வாசலுக்குத்தான் வரும். குழந்தைக்குத் தெரியும் இது. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அடுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு இது தோன்றவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தந்தி என்று வந்தால் அது வேறு ஊர்ச் சங்கதி, தோல் சங்கதி. அப்படியே படித்துப் படித்து எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்கு ஆம்பூரில் அந்தச் சேதியைக் கையில் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

முதலில் சத்தம்தான் வந்தது. கூட்ஸ் வண்டி என்று நினைத்தோம். வெளியே வந்து பார்த்தபோது செம்மண் நிறத்தில் தண்ணீர், மரத்தையும் கூரையையும் சுமந்துகொண்டு ஆறு முழுக்க வந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஊறல் குழியிலிருந்த தோலை விட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்கள். எங்கள் ஷாப் மேட்டில் இருந்ததால் பிழைத்தது. அக்கரைத் தெரு தெரியவில்லை. ரைட்டர் ஐயா படியில் இறங்கிப் போகப் பார்த்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டோம். அவர் கத்தவில்லை. கையில் பேனா அப்படியே இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு வேலூர் வரைக்கும் ஆற்றோரமாகத் தேடினோம். எஸ்தர் கிடைக்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்திருந்தாளா, நடு மணலில் இருந்தாளா, கரை ஏறிக்கொண்டிருந்தாளா என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. எந்த இடம் என்று அவரிடம் சொல்ல யாராலும் முடியவில்லை. அவரும் அதற்குப் பிறகு யாரிடமும் இடத்தைக் கேட்கவில்லை. சர்ச்சில் ஜெபம் மட்டும் நடந்தது. மகள் பெயரை அவர் வாயால் சொல்லவே இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவர் அழுதுவிட்டால் போதும் என்றிருந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஷாப் வாசலில் வண்டிகள் வந்து நின்றன. உப்புப் போட்டு மடித்த மாட்டுத் தோல் கட்டுக்கட்டாக ஏற்றியிருந்தது. பாதி மயிர் கழன்று நாறியது. மேற்கே இருந்து வந்த வண்டிகள். முதலாளி வெளியே வந்து, "இவ்ளோ சரக்கு யாரு கேட்டது?" என்றார்.

"நான்தான்" என்றார் ரைட்டர் ஐயா. "அன்னிக்கு தந்தி குடுத்தோமே."

முதலாளிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஆர்டரை நிறுத்த வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. "திருப்பி அனுப்பிச்சிடு ரைட்டர். எனக்கு வாணாம் இந்தத் தோலு" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

ரைட்டர் ஐயா திருப்பி அனுப்பவில்லை. முதல் வண்டிக்குப் பக்கத்தில் போனார். வண்டிக்காரன் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தான். வழியெல்லாம் மேட்டு ரோடாகச் சுற்றிச் சுற்றி வந்த களைப்பு.

"ஒங்க ஊர்தானேப்பா, ஏரி ஒடஞ்சது?"

"ஆமாங்கய்யா."

"யாரு யாரு போய்ட்டாங்க?"

அவன் முழித்தான். "மாடுங்களா?"

"மனுஷங்க."

"அத எதுக்குய்யா கேக்கறீங்க? வழியில ஒருத்தரும் கேக்கல."

"சொல்லுப்பா."

அவன் நுகத்தடியில் சாய்ந்துகொண்டான். "எங்க பெரியம்மா வெங்கடம்மா. அது நடக்க முடியாம படுத்துனு இருந்திச்சி."

"வெங்கடம்மா" என்றார் இவர்.

"ஏரிக் காவக்காரன் முனியப்பன். அவன் சம்சாரம் லச்சுமி."

"முனியப்பன். லச்சுமி."

"அவங்க கொழந்த ஒண்ணு. அதுக்கு இன்னும் பேர் வெக்கலய்யா."

"பேர் வெக்கலன்னா இன்னா சொல்லிக் கூப்ட்டீங்க?"

"பாப்பான்னுதான்."

"பாப்பா" என்றார்.

வண்டிக்காரன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். ரைட்டர் ஐயா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொன்னார். மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. இறக்குகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பெயர்கள் தீர்ந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, வந்த தண்ணீர் இந்த வழியாகத்தானே போயிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது போல ஆற்றைப் பார்த்தான்.

"ஒங்க பக்கம் யாருங்கய்யா?" என்றான்.

ரைட்டர் ஐயா சொல்ல மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எஸ்தரு" என்றார்.

"எஸ்தரு" என்று அவனும் திருப்பிச் சொன்னான். அந்தப் பெயர் அவன் நாக்கில் சரியாக வரவில்லை. "யாருங்கய்யா அவங்க?"

"எம் பொண்ணு. மத்தியானம் சாப்பாடு எடுத்தாந்திச்சி. யாருன்னு கேளுப்பான்னிச்சி. நான்தான் ஊட்டுக்குப் போன்னு அனுப்பிச்சிட்டேன்."

வண்டிக்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவர் கையை விடுவித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, தோலை இறக்கச் சொன்னார்.